முட்டை கொடுத்த பெண்ணை யார் கேட்டார்கள்? ஸ்டெம் செல் விவாதத்தில் விடுபட்டவர்கள்

2005 பிப்ரவரியில் தென்கொரிய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. அதில் நிழலுருவமாக ஒரு மனிதர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எழுகிறார், துள்ளுகிறார், கடைசியில் இன்னொருவரைக் கட்டியணைக்கிறார். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹுவாங் வூ-சுக், மனிதக் கருவைக் குளோனிங் முறையில் உருவாக்கி அதிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்துவிட்டார் என்ற செய்தியைக் கொண்டாட வந்த தபால்தலை அது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆய்வே பொய் என்று தெரிந்து, மிச்சமிருந்த தபால்தலைகளின் விற்பனையை நிறுத்தினார்கள்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சி சரியா தவறா என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்குவார்கள். ஒரு பக்கம் தேவாலயம், மறுபக்கம் ஆய்வுக்கூடம், நடுவில் ஐந்து நாள் கரு. அது பொய்ச் சண்டை இல்லை. அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் இந்த விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிற எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. கரு ஒரு மனிதரா என்பதில் உலகம் ஒத்துப்போகப் போவதில்லை. ஆராய்ச்சிக்குக் கருமுட்டை கொடுத்த பெண்ணும், ஸ்டெம் செல் சிகிச்சை என்று நம்பி ஊசி போட்டுக்கொண்ட நோயாளியும் மனிதர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. இந்தத் துறையில் நடந்த பெரிய அநியாயங்கள் இவர்களுக்குத்தான் நடந்தன. அப்படியிருந்தும் பேச்சு முழுக்கக் கருவைச் சுற்றியே போனது.

சரி, ஸ்டெம் செல் என்றால் என்ன? தமிழில் குருத்தணு என்றும் எழுதுகிறார்கள். நல்ல பெயர். வாழைக்குருத்து எந்த இலையாகவும் விரியலாம். விரிந்த இலை திரும்பக் குருத்தாகாது. நம் உடம்பின் தோல் செல், நரம்பு செல், இதயத்தசை செல் எல்லாம் விரிந்துவிட்ட இலைகள். இன்னும் விரியாமல் இருப்பது ஸ்டெம் செல். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும், தேவைப்பட்டால் வேறு செல்லாகவும் மாறும்.

இதில் ஒரு வகை பெரியவர்களின் உடம்பிலேயே இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் இருப்பது ரத்தத்தின் எல்லா செல்களையும் உண்டாக்கும். கல்லீரலையோ மூளையையோ உண்டாக்காது. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இந்த வகைதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்துவருகிறார்கள். இதில் அறச்சிக்கல் என்று பெரிதாக எதுவும் இல்லை. கொடுப்பவர் சம்மதிக்கிறார், வாங்குபவர் பிழைக்கிறார்.

சிக்கல் இரண்டாவது வகையில். முட்டையும் விந்தும் சேர்ந்து ஐந்தாறு நாள் ஆனதும் கரு ஒரு சின்னப் பந்து போல ஆகும். அதற்கு பிளாஸ்டோசிஸ்ட் என்று பெயர். நூறு, இருநூறு செல்கள்தான். வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தால் பெரிது. பந்தின் உள்ளே ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கொத்து, பின்னால் முழு உடம்பாகவும் மாறக்கூடியது. அந்தக் கொத்தைப் பிரித்தெடுத்து வளர்த்தால் உடம்பின் எந்த செல்லையும் உண்டாக்கலாம். ஆனால் பிரித்தெடுத்தால் கரு அத்துடன் முடிந்தது. இருபத்தைந்து ஆண்டுச் சண்டை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் 1998 நவம்பரில் இதைச் செய்துகாட்டினார். முட்டையையும் விந்தையும் உடம்புக்கு வெளியே சேர்க்கும் ஐ.வி.எஃப். குழந்தைப்பேறு சிகிச்சைக்காக உருவாக்கி, தம்பதிகள் ஆராய்ச்சிக்குக் கொடுத்த கருக்களிலிருந்து ஐந்து செல் வரிசைகள், அதாவது தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல் தொகுதிகள், கிடைத்தன. அவற்றில் சில இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. இந்த வேலைக்கு அமெரிக்க மத்திய அரசின் பணத்தைத் தொட முடியாது. கருவை அழிக்கும் ஆராய்ச்சிக்கு அரசு நிதி கூடாது என்று 1996 முதலே சட்டம் இருந்தது. அதனால் அவர் தனியார் பணத்தில், தனியாக ஓர் ஆய்வுக்கூடம் வைத்துச் செய்தார். மனிதக் கரு ஸ்டெம் செல் ஆராய்ச்சி உங்களைக் கொஞ்சமாவது சங்கடப்படுத்தவில்லை என்றால் நீங்கள் அதைப் பற்றிப் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். அந்தச் சங்கடத்தை ஒப்புக்கொண்டு வேலை செய்தவர் என்பதால் அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

எதிர்த்தவர்களின் வாதம் எளிமையானது. கருத்தரித்த நொடியிலிருந்து அது ஒரு மனித உயிர்; ஓர் உயிரைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொல்லக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை இதுதான், இன்றுவரை மாறவில்லை. எல்லா மதமும் அப்படிச் சொல்லவில்லை. யூத மரபில் முதல் நாற்பது நாள் கரு வெறும் நீருக்குச் சமம். இஸ்லாமிய அறிஞர்களில் பலர் கருவுக்குள் உயிர் ஊதப்படுவது 120 நாளில் என்பார்கள். ஈரானில் மதத் தலைமையின் ஒப்புதலோடு 2003 வாக்கிலேயே கரு ஸ்டெம் செல் வரிசைகளை உருவாக்கினார்கள். கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்த அமெரிக்க செனட்டர் ஓரின் ஹேட்ச் இந்த ஆராய்ச்சியை ஆதரித்தார். மதம் ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம் என்று கோடு போட்டுவிட முடியாது என்பதற்கு அவரே போதும்.

ஆதரித்தவர்கள் கேட்டது இது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஒரே தடவையில் பல கருக்கள் உருவாகின்றன. ஒன்றோ இரண்டோ கருப்பைக்குள் போகும், மற்றவை உறைநிலையில் போகும். குழந்தை பிறந்து குடும்பம் போதும் என்று ஆனபின் அந்த மிச்சக் கருக்கள் எப்படியும் வீணாகப்போகின்றன. வீணாகப்போவதை நோய் தீர்க்கப் பயன்படுத்தினால் என்ன தவறு? இந்தக் கேள்விக்கு எதிர்த்தரப்பில் எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. கருவை அழிப்பது கொலை என்றால் முதலில் நிறுத்த வேண்டியது ஐ.வி.எஃப். மருத்துவமனைகளை. அந்த இடம் வரை போய் நின்று சொன்னது பெரும்பாலும் திருச்சபைதான். அந்த வகையில் அதன் நேர்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசியல்வாதிகளில் பெரும்பாலோர் அங்கே போகவில்லை.

2001 ஆகஸ்ட் 9 அன்று ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் ஒரு நடுவழி சொன்னார். அன்றுவரை உருவான செல் வரிசைகளுக்கு மட்டும் அரசுப் பணம், இனி உருவாகும் எதற்கும் கிடையாது. அறுபதுக்கு மேல் இருப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் பயன்படுத்தும்படி கிடைத்தவை இருபது சொச்சம். ஆய்வுக்கூடங்களில் என்ன ஆனது தெரியுமா? அரசுப் பணத்தில் வாங்கிய மைக்ராஸ்கோப் தனி, தனியார் பணத்தில் வாங்கியது தனி என்று கருவிகளில் ஸ்டிக்கர் ஒட்டிப் பிரித்தார்கள். 2006இல் நாடாளுமன்றம் இந்தத் தடையைத் தளர்த்த மசோதா நிறைவேற்றியபோது புஷ் தன் ஆட்சியின் முதல் வீட்டோவைப் போட்டார். 2009இல் ஒபாமா அந்தத் தடையை நீக்கினார். இதற்கிடையே கலிபோர்னியா மக்கள் 2004இல் வாக்களித்து, மாநிலப் பணம் 300 கோடி டாலரை இந்த ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார்கள்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் ஒரு குழு 1984இல் அறிக்கை தந்தது. கருவை ஆய்வுக்கூடத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. ஏன் 14? ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் கருவில் தலை எது, வால் எது என்று காட்டும் முதல் கோடு விழுகிறது. அதற்கு முன்பு ஒரே கரு இரட்டையராகப் பிரியலாம். அதற்குப் பிறகு முடியாது. 'ஒருவர்' என்று சொல்ல அதுவரை ஆள் இல்லை என்பது வாதம். 1990இல் அது சட்டமானது, பல நாடுகள் பின்பற்றின. உண்மையில் 2016 வரை அந்த எல்லையை நெருங்கும் அளவுக்குக் கருவை வளர்க்கும் வித்தையே யாரிடமும் இல்லை. வித்தை வந்ததும், ஐந்தே ஆண்டில், சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கம் தன் நெறிமுறையிலிருந்து அந்தத் திட்டவட்டமான தடையை எடுத்துவிட்டது. தாண்ட முடியாதபோது மதித்த கோட்டை, தாண்ட முடிந்ததும் அழித்தார்கள். ஆராய்ச்சி வேண்டும் என்று சொல்கிற எனக்கும் இது நெருடுகிறது.

இனி கொரியாவுக்கு வருகிறேன்.

ஹுவாங் செய்ததாகச் சொன்னது மிச்சக் கருவைப் பயன்படுத்தும் வேலை அல்ல. ஒரு முட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு, நோயாளியின் செல்லிலிருந்து உட்கருவை அதற்குள் வைத்துக் கரு ஆக்குவது. குளோனிங் முறையில் பிறந்த டாலி ஆட்டுக்குச் செய்த அதே வித்தை. அப்படிக் கிடைக்கும் ஸ்டெம் செல் நோயாளியின் சொந்த செல் போலவே இருக்கும், உடம்பு அதை நிராகரிக்காது. 2004இல் ஒரு செல் வரிசை, 2005இல் நோயாளிகளின் செல்லிலிருந்து பதினொன்று என்று 'சயின்ஸ்' இதழில் கட்டுரைகள் வந்தன. நாடு அவருக்கு 'உச்ச விஞ்ஞானி' என்று பட்டம் கொடுத்தது.

இந்த வித்தைக்கு மூலப்பொருள் பெண்ணின் முட்டை. முட்டை எடுப்பது ரத்தம் கொடுப்பது போல அல்ல. இயல்பாக மாதத்துக்கு ஒன்று முதிரும் முட்டையை ஒரே நேரத்தில் பத்து, பதினைந்து முதிரவைக்கப் பத்து நாள் போல ஹார்மோன் ஊசி போட வேண்டும். அப்புறம் மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலருக்குச் சூலகம் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுவிடச் சிரமப்பட்டு மருத்துவமனையில் படுக்க நேரும். அரிதாக உயிருக்கும் ஆபத்து. குழந்தைக்காக இதைத் தாங்கும் பெண்ணுக்குக் கைமேல் பலன் என்ற நம்பிக்கையாவது உண்டு. ஆராய்ச்சிக்குக் கொடுப்பவளுக்கு அதுவும் இல்லை.

2005 கட்டுரைக்கு 185 முட்டைகள் பயன்பட்டதாக எழுதியிருந்தார்கள். பின்னால் விசாரணை நடந்தபோது, மூன்று ஆண்டுகளில் நூறுக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து இரண்டாயிரத்துக்கும் அதிகமான முட்டைகள் ஹுவாங்கின் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தன என்று தெரிந்தது. சிலருக்குத் தலைக்கு 15 லட்சம் வோன், அன்றைய மதிப்பில் சுமார் 1,400 டாலர், கொடுத்திருந்தார்கள். முட்டை கொடுத்தவர்களில் இருவர் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்த இளம் பெண்கள். பட்டமும் வேலையும் எதிர்காலமும் யார் கையில் இருக்கிறதோ, அவரே முட்டை எதிர்பார்க்கும்போது அந்தப் பெண் தரும் சம்மதத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்கலாமா?

விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் அதே ஆய்வுக்கூடத்தில் முன்பு இருந்த ரியூ யங்-ஜூன். முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போன பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்த செல்களைச் செலுத்தப்போகிறார்கள் என்று அறிந்ததும் இனி சும்மா இருக்க முடியாது என்று 2005இல் எம்.பி.சி. தொலைக்காட்சிக்குத் தகவல் கொடுத்தார். நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் மக்களின் கோபம் ஹுவாங் மேல் பாயவில்லை, தொலைக்காட்சி மேல் பாய்ந்தது. விளம்பரதாரர்கள் விலகினார்கள். நாட்டின் பெருமையைக் கெடுக்காதே என்றார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் முட்டையையும் தர முன்வந்தார்கள். சில நாளில், பெயர் சொல்லாத இளம் ஆய்வாளர்கள் கட்டுரையின் படங்களில் ஒரே படம் இரண்டு இடத்தில் வெவ்வேறு செல்லாக வந்திருப்பதைக் கண்டுபிடித்து இணையத்தில் போட்டார்கள். 2006 ஜனவரியில் 'சயின்ஸ்' இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது. பதினொரு செல் வரிசையில் ஒன்றுகூட உண்மையில்லை. அந்த இரண்டாயிரம் முட்டைகளால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல் போனது.

உலகச் செய்திகளில் இது விஞ்ஞான மோசடி என்ற தலைப்பில்தான் நிலைத்தது. படத்தைத் திருத்தியதும் எண்ணைப் பொய்யாக எழுதியதும் மோசடிதான். ஆனால் ஆய்வு உண்மையாகவே இருந்திருந்தால்? அந்த இரு பெண்களைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

நம் ஊருக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2022இல் ஈரோட்டில், பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்றது வெளியே வந்தது. வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார், கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருவர். அது குழந்தைப்பேறு சிகிச்சைக்கான சந்தை, ஸ்டெம் செல்லுக்கானது அல்ல. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே, தரகர்கள் தேடுவதும் ஒரே மாதிரி வீடுகளைத்தான். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. நல்ல சட்டம். அந்தச் சிறுமியை அது காப்பாற்றவில்லை.

ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா ஒருமுறை நண்பரின் குழந்தைப்பேறு மருத்துவமனையில் மைக்ராஸ்கோப் வழியாக ஒரு கருவைப் பார்த்தார். இதற்கும் என் மகள்களுக்கும் எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று அப்போது தோன்றியதாம். 2006இல் எலியிலும் அடுத்த ஆண்டு மனிதரிலும், வெறும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, சாதாரணத் தோல் செல்லைத் திரும்ப ஸ்டெம் செல்லாக்கிக் காட்டினார். விரிந்த இலை மீண்டும் குருத்தானது. கருவும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். 2012இல் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் கர்டனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹுவாங் இரண்டாயிரம் முட்டையில் செய்ய முடியாததை ஒரு துளித் தோலில் செய்தவர் என்றுதான் நான் அவரை நினைக்கிறேன்.

இத்தோடு விவாதம் முடிந்தது என்று அப்போது பலர் எழுதினார்கள். முடியவில்லை. கரு ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 12 பேருக்குச் செலுத்தியதில், ஒரு வருடம் கழித்து 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை என்று 2025இல் முடிவு வந்தது. அவர்கள் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடர வேண்டும் என்றாலும், இது பெரிய செய்தி. வேறொரு திசையில், ஸ்டெம் செல்களை மட்டுமே கொண்டு, முட்டையோ விந்தோ இல்லாமல், 14 நாள் கருவைப் போன்ற ஒன்றை 2023இல் இஸ்ரேலில் வளர்த்துவிட்டார்கள். அது சுரந்த ஹார்மோனில் கர்ப்பப் பரிசோதனைக் கருவி பாசிட்டிவ் காட்டியது. அதைக் கரு என்பதா, கருவின் மாதிரி என்பதா? வார்னாக் குழுவின் கோட்டை இதற்கு எங்கே போடுவது?

ஆராய்ச்சியில் இப்படி நல்ல செய்தி வரவர, காத்திருக்க முடியாதவர்களைத் தேடி வியாபாரமும் வருகிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஒரு மருத்துவமனையில், பார்வை மங்கிவந்த வயதான பெண்கள் மூவருக்கு அவர்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை, 5,000 டாலர் வாங்கிக்கொண்டு, ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் செலுத்தினார்கள். மூவருக்கும் பார்வை போனது. 2017இல் மருத்துவ இதழில் வந்த நிகழ்வு இது. இது கருவிலிருந்து வந்த செல்லே அல்ல, எந்த மதமும் எதிர்க்காத செல். 'அறச்சிக்கல் இல்லாதது' என்று விளம்பரம் செய்யத்தக்கது!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்ற எந்த ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சிதான், சிகிச்சை அல்ல. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அதன்பின் ஓரிரு செல் மருந்துகளுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி பரிந்துரைப்பது தொழில்முறைத் தவறு என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் தரப்பிலும் சொல்லிவிட்டார்கள். இருந்தும் நகை அடகு வைத்து, நிலம் விற்று அந்த ஊசிக்குப் போகும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மகன் ஒரு வார்த்தை பேசிவிட மாட்டானா என்று ஏங்குகிறவரிடம் ஆய்வு முடிவு வரட்டும் என்று சொல்வது எளிது.

என் தங்கை ஏழாம் மாதம் ஸ்கேனுக்குப் போனபோது, காத்திருக்கும் இடத்திலேயே ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். ஸ்டெம் செல்கள் இருக்கும் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்துவைக்கும் நிறுவனத்தின் ஆள். "இப்ப விட்டா விட்டதுதான் மேடம், உங்க குழந்தைக்கு நீங்க செய்யற இன்சூரன்ஸ் இது." மாதத் தவணை வசதி உண்டாம். தங்கை கேட்டாள்: "குழந்தைக்குத் தலசீமியா மாதிரி வந்தா இந்த ரத்தம் உதவுமா?" மரபணுக் கோளாறு என்றால் சேமித்த ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும், குழந்தைக்கு அது பயன்படாது. அந்தப் பெண் மேனேஜரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். தன் குழந்தையின் பிற்காலத் தேவைக்கென்று தனியாரிடம் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அதே 2017 நெறிமுறையில் இருக்கிறது. அந்தத் துண்டுப்பிரசுரத்தில் அது இல்லை.

ஐ.வி.எஃப். மருத்துவமனை இல்லாத ஊரே இன்று தமிழ்நாட்டில் குறைவு. நம் சட்டப்படி உறைநிலைக் கருவைப் பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தரலாம். அதாவது, உலகம் இருபத்தைந்து ஆண்டாக அடித்துக்கொண்ட கேள்வி, நம் ஊரில் ஒரு படிவத்தின் ஒரு கட்டமாக வந்து நிற்கிறது. சிகிச்சை தரும் மருத்துவரும் ஆராய்ச்சி செய்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது, சம்மதத்தை அவசரப்படுத்தக் கூடாது என்பது எங்கும் ஒப்புக்கொண்ட நெறி. கையில் பேனாவைக் கொடுத்து, பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்து வாங்கும் இடத்தில் அந்த நெறி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு இரண்டு கருக்கள் மிச்சம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். செவிலியர் முதலில் புரியாமல் பார்த்தாராம், பிறகு ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மூன்று நாள் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.